ஒரு வருஷம் மூத்தவர்

சித்தி கடையில் இடுக்கி எப்போதும் மேசையில் வயதில் சின்னவர் பக்கம்தான் வைக்கப்படும். அது எங்கும் எழுதி ஒட்டிய விதி இல்லை. சித்தி மேசையிலேயே பதித்த அடுப்பைப் பற்றவைப்பாள், பன்றிக்கறித் தட்டை நடுவில் வைப்பாள், இடுக்கியையும் கத்திரிக்கோலையும் சின்னவர் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போவாள். சின்னவர் கறியைச் சுட வேண்டும், வெட்ட வேண்டும், முதல் துண்டைப் பெரியவர் தட்டில் வைக்க வேண்டும். பெரியவருக்கு ஒரே வேலை. வாயில் போட்டு மென்றுவிட்டு, "நல்லா வெந்திருக்கு" என்று சொல்ல வேண்டும். பியோ சாங்கில் இந்த வேலையை இருபத்தோரு வருஷமாகக் குறையில்லாமல் செய்து வந்தார்.

அவருக்குச் சுட்டுக் கொடுத்தவர் தோ ஜேமுன். சாங்கிலுக்குத் தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை. ஜேமுனுக்கு எதிர்ச் சந்தில் பேனர் அடிக்கும் கடை. வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்கு இருவரும் சித்தி கடையின் சுவரோர மேசையில் உட்கார்ந்துவிடுவார்கள். கொரியாவில், குன்சான் ஊரின் அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அவள் சித்தி. அதில் ஒருவருடைய அம்மாவுக்கும் அவள் தங்கை இல்லை. முப்பத்து மூன்று வருஷமாகக் கல்லாவிலும் அடுப்படியிலும் அவளே இருந்ததால் மேங் சுனோக் என்ற அவளுடைய பெயர் வரி ரசீதில் மட்டும்தான் மிச்சமிருந்தது.

நவம்பர் மாதத்து முதல் வியாழக்கிழமை சித்தி கறித் தட்டோடு வந்து, வழக்கம்போல இடுக்கியை ஜேமுன் பக்கம் வைத்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக அங்கேயே நின்றாள்.

"என்ன கண்ணாடி, உனக்கு அறுபது வந்துருச்சாமே? சொல்லவே இல்ல?"

சாங்கில் அப்போதுதான் கறியையும் பூண்டையும் கீரை இலையில் சுருட்டி வாய்க்குள் முழுதாகத் தள்ளியிருந்தார். பதில் சொல்ல முடியவில்லை. அது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று.

"அண்ணே எங்க சொல்வாரு?" என்றார் ஜேமுன். கறியைப் புரட்டிக்கொண்டே பேசினார். அவர் கறியைப் பார்க்காமலே புரட்டுவார், ஒரு துண்டும் கருகாது. "நான்தான் கணக்குப் பாத்தேன். அண்ணே பாம்பு வருஷம். இந்த வருஷமும் பாம்பு. ஒரு சுத்து முடிஞ்சுருச்சு இல்ல? பதினாறாந்தேதி ஞாயித்துக்கிழமை மத்தியானம். உள்ரூம் மொத்தமும் நமக்குத்தான். சித்திகிட்ட அட்வான்ஸ் கொடுத்தாச்சு."

சாங்கில் மெல்லாமல் விழுங்கினார். பூண்டு தொண்டையில் குறுக்கே நின்றது.

"இந்தக் காலத்துல அறுபதையெல்லாம் யாருப்பா கொண்டாடுறா? ஆளுக்கு ஆள் தொண்ணூறு வரைக்கும் இருக்காங்க."

"மத்தவங்க கொண்டாட வேணாம். எங்க அண்ணனுக்கு நான் கொண்டாடுவேன்."

"அப்பாடா," என்றாள் சித்தி. "பாத்தா அறுபத்தெட்டு மாதிரி இருக்க. அறுபதுதான்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா உனக்கும் நல்லதுதானே?"

ஜேமுன் சிரித்தார். சாங்கிலும் சிரித்தார். வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். முதலில் அவருக்கு இந்தச் சிக்கலைக் கொண்டுவந்ததும் அந்த வழுக்கைதான்.

விஷயம் இதுதான். வருஷத்துக்கு ஒரு மிருகம் என்று போகும் கொரியக் கணக்கில், சாங்கில் பாம்பு வருஷத்தில் பிறக்கவில்லை. அதற்கு அடுத்த குதிரை வருஷத்தில், நவம்பர் மாதத்தில் பிறந்தார். ஜேமுனும் குதிரை வருஷம், ஆனால் ஜூன். கணக்கைச் சரியாகப் போட்டால் ஜேமுன்தான் ஐந்து மாதம் மூத்தவர்.

இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு மழை நாளில், கடையில் இடமில்லாமல் சித்தி முன்பின் தெரியாத இரண்டு ஆண்களை ஒரே மேசையில் உட்காரவைத்தாள். கறித் தட்டைக் கொண்டுவந்து, "உங்க ரெண்டு பேர்ல யாரு சின்னவரு? இடுக்கிய எங்க வைக்க?" என்று கேட்டாள். "நான் குதிரை வருஷம்," என்றார் ஜேமுன். சாங்கில், "நானும்தான்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி மாதம். மாதம் வந்தால் இடுக்கி அவர் பக்கம் வரும். அவருக்குக் கறி சுடத் தெரியாது. வீட்டில் அவருக்கு மேலே நாலு அக்காக்கள், அடுப்புப் பக்கமே விட்டதில்லை. ராணுவத்தில் ஒரே ஒரு தடவை சுட்டார். அந்தக் கரியைத் தின்ற சார்ஜண்ட் ஒன்பது மாதம் அதைப் பற்றியே பேசினார். ஆகவே சாங்கில் இடுக்கியைப் பார்த்தார், ஜேமுனைப் பார்த்தார், "நான் பாம்பு" என்றார். ஏன் பாம்பு என்று அவருக்கே தெரியவில்லை, வாயில் முதலில் வந்தது அதுதான். முப்பத்தெட்டு வயதிலேயே பளபளவென்றிருந்த தலையைப் பார்த்த யாரும் சந்தேகப்படவில்லை.

ஜேமுன் உடனே இடுக்கியை எடுத்துக்கொண்டார். மரியாதையாக இரண்டு கையாலும் சோஜு சாராயத்தை ஊற்றினார். "அண்ணே, ஒரு வாய் எடுத்துக்குங்க," என்றார்.

சாங்கில் வீட்டுக்குக் கடைக்குட்டி. அந்த நாள் வரை அவரை ஒருவரும் அண்ணே என்று கூப்பிட்டதில்லை. அன்றைக்குக் கறி எப்படி இருந்தது என்று அவருக்கு நினைவில்லை.

அடுத்த வாரம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார். பிறகு அதற்கடுத்த வாரம் என்று நினைத்தார். ஒரு வருஷம் ஓடிய பிறகு, பொய்யைவிட அதைத் திருத்துவது பெரிய அவமானமாகத் தெரிந்தது. அதற்கப்புறம் பொய்யைப் பராமரிக்கும் வேலைதான். கொரோனா சமயத்தில் பிறந்த வருஷத்தின் கடைசி எண்ணைப் பார்த்துக் கிழமை கிழமையாக முகக்கவசம் கொடுத்தார்களே, அப்போது இந்த இருவரும் பிறந்த குதிரை வருஷத்துக்குத் திங்கட்கிழமை. தெரு மருந்துக்கடை வரிசையில் ஜேமுன் நிற்பார் என்பதால் சாங்கில் திங்கள்தோறும் பஸ் ஏறி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய் வாங்கினார். அந்த பஸ்ஸில் யாராவது இருமினால் இது நமக்கு வேண்டியதுதான் என்று நினைத்துக்கொள்வார்.

ஜேமுனுக்கு இந்த ஏற்பாட்டில் என்ன கிடைத்தது என்று சாங்கிலுக்குத் தெரியும். ஜேமுன் மூத்த பிள்ளை. மூன்று தம்பிகளைப் படிக்கவைத்து, கல்யாணம் செய்துவைத்து, இன்னும் அவர்கள் பஞ்சாயத்தைத் தீர்த்துக்கொண்டிருப்பவர். "மூணு பேருக்கு அண்ணனா இருந்து முதுகே வளைஞ்சுபோச்சுண்ணே," என்று ஒருநாள் சொன்னார். "உங்ககிட்ட வந்தாத்தான் நானும் கொஞ்சம் புலம்ப முடியுது." அன்றைக்குத்தான் சாங்கில் உண்மையைச் சொல்லும் எண்ணத்தை அடியோடு விட்டார். இப்போது, பதினாறாம் தேதிக்குப் பத்து நாள் இருக்கையில், அதையே மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. சொல்லாவிட்டால் பொய்ப் பிறந்தநாளுக்குத் தெருவே கூடி வாழ்த்தும். சொன்னால் ஜேமுன் அவரை அண்ணே என்று கூப்பிடுவது அன்றோடு நின்றுபோகும்.

திங்கட்கிழமை காலை சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு ஜேமுன் கடைக்குப் போனார். வழியில் வாக்கியத்தை நாலு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கதவைத் திறந்ததும் நாலும் மறந்தது. எதிர்ச்சுவர் முழுக்க, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், சிவப்பிலும் தங்க நிறத்திலும் ஒரு பேனர் தொங்கியது.

*அன்பு அண்ணன் பியோ சாங்கில் அவர்களுக்கு அறுபது! பாம்பு வருஷம் சுற்றி வந்தது!*

ஓரத்தில் பிறந்த வருஷமும் போட்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு பாம்பு, கண்ணாடி மாட்டிக்கொண்டு சிரித்தது.

"பாம்பு எப்படிண்ணே?" என்றார் ஜேமுன். "கண்ணாடி நானே வரைஞ்சேன்."

"நல்லாருக்கு." சாங்கில் தொண்டையைக் கனைத்தார். "ஜேமுன், ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். இதுல ஒரு எண்ணு தப்பா விழுந்துட்டா என்ன பண்ணுவ?"

"எந்த எண்ணு?"

"ஏதோ ஒரு எண்ணு. பேச்சுக்குத்தான்."

ஜேமுன் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். முகம் மாறியிருந்தது. "அண்ணே, கடை வச்சு இருபத்தாறு வருஷம் ஆச்சு. தேர்தல் பேனர் அடிச்சிருக்கேன், கல்யாணம் அடிச்சிருக்கேன், எவனோ பரீட்சைல பாஸானதுக்கு அடிச்சிருக்கேன். ஒரு எழுத்து தப்புனதில்ல. உங்களுக்கு அடிக்கிறதுலயா தப்பு விடுவேன்?"

"சேச்சே, அப்படிச் சொல்லல."

"பின்ன எப்படி?"

"பாம்பு கொஞ்சம் பெரிசா இருக்கலாமோன்னு தோணுச்சு," என்றார் சாங்கில். மறுநாள் போய்ப் பார்த்தபோது பாம்பு பெரிதாகியிருந்தது.

புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு, கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து, அவர் சித்தியிடம் போனார். சித்தி பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் முட்டைக்கோஸ் ஊறப்போட்டு, பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். சாங்கிலும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். உரிக்க ஆரம்பித்தார். ஆறாவது பல்லில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

சித்தி கத்தியைக் கீழே வைத்தாள். சிரிப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அவள் முட்டைக்கோஸ் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஒரு இடுக்கிக்குப் பயந்தா ஒரு வருஷம் ஏறிட்ட?"

"மெதுவா, சித்தி."

"இருபத்தோரு வருஷம் ஒருத்தன உக்கார வச்சுச் சுட வச்சு, 'நல்லா வெந்திருக்கு'ன்னு வேற சொல்லிக்கிட்டு!"

"நல்லா வெந்துதானே இருந்துச்சு?"

"பேசாத, கண்ணாடி." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பூண்டுக் கை என்பதால் கண் இன்னும் எரிந்தது. "இப்ப என்கிட்ட எதுக்கு வந்த?"

"நீங்க ஜேமுன்கிட்ட பக்குவமாச் சொல்லிட்டா..."

"தின்னது நீ. நான் ஏப்பம் விடணுமா? நீயே சொல்லு. அதுவும் சீக்கிரம் சொல்லு. உங்க அக்காங்க வர்றதுக்கு முன்னாடி."

"எந்த அக்காங்க?"

சித்தி மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டாள். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டவள் போல ஒரு பல்லை ரொம்ப நேரம் உரித்தாள். "உனக்குத் தெரியக்கூடாதுன்னான் பேனர். நீ அவனுக்கு நெத்திலிப் பெட்டி கொடுப்பல்ல, வருஷா வருஷம்? அந்தப் பெட்டி மேல உங்க அக்கா கடை நம்பர் இருக்குதாம். போன் போட்டுட்டான்."

மூன்றாவது அக்கா சாங்ரான் அடுத்த ஊர்ச் சந்தையில் கருவாட்டுக் கடை வைத்திருந்தாள். சாங்கில் வெளியே ஓடி வந்து, வாசலில் நின்றே அவளுக்கு போன் போட்டார்.

"அக்கா, ஜேமுன்னு ஒருத்தர் கூப்பிட்டாரா?"

"கூப்பிட்டாரு, கூப்பிட்டாரு." பின்னால் யாரோ மீன் விலை கத்திக்கொண்டிருந்தார்கள். "எல்லாம் தெரியும். நீ வாயத் திறக்காத."

"எல்லாம்னா? என்ன தெரியும்?"

"அறுபது, விருந்து, எல்லாந்தான். டேய், நீ இப்படி ஒரு பிள்ளைன்னு இத்தன நாளாத் தெரியாமப் போச்சுடா. பெரியக்காவுக்கு முட்டி வலி, ரெண்டாவது அக்கா சியோல்ல இருக்கா. அவங்க ரெண்டு பேரும் அரிசிக் கேக் அனுப்புறாங்க. நானும் சாங்சுக்கும் வர்றோம்."

"அக்கா, அங்க வந்து வயசு பத்தி யாரு கேட்டாலும்..."

"நாங்க ஏன்டா வாயத் திறக்கப்போறோம்? வையி, கூட்டமா இருக்கு."

சாங்கில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, தெரிந்தும் அவர் மானத்தைக் காப்பாற்ற வருகிறாள் என்று புரிந்துகொண்டார். நாலு அக்காக்களை வைத்துக்கொண்டு இவ்வளவு நாள் ஒரு தம்பியாக நாம் என்ன செய்தோம் என்று கூட யோசித்தார். மறுநாள் வியாழக்கிழமை. ஜேமுனிடம் சொல்ல வேண்டிய அவசரம் இப்போது இல்லை என்று தோன்றியது. சொல்லவில்லை. கறி நல்லா வெந்திருக்கு என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு உள்ரூம் நிறைந்துவிட்டது. முடிவெட்டும் கடைக்காரர், காய்கறிக் கடைக்காரி, மருந்துக்கடை தம்பதி என்று தெருவில் ஒரு பத்துப் பேர், செருப்பை வாசலில் குவித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பிறந்தநாளுக்கென்று வைத்த கடற்பாசி சூப் மணத்தது. மூன்று அடுப்பில் தணல் தயாராக இருந்தது. எதிர்ச்சுவரில் பேனர், பாம்பு சிரித்தது. சாங்கில் கோட் போட்டுக்கொண்டு நடுவில் நின்று ஆள் ஆளாகக் குனிந்து வணக்கம் சொன்னார். ஜேமுன் புதுச்சட்டையில், வந்தவர்களுக்குத் திண்டு எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் சாங்ரான் வந்தாள், தலையில் அரிசிக் கேக் பெட்டியோடு. அவள் பின்னால் சாங்சுக் வந்தாள்.

சாங்சுக் அவருக்கு நேர் மூத்தவள். அவள் வந்த கோலத்தைப் பார்த்ததும் சாங்கில் குனிந்த வணக்கத்தைப் பாதியில் நிறுத்தினார். ரோஜா நிறத்தில் பட்டு ஹான்போக் உடுத்தியிருந்தாள். தலைமுடி இன்று காலைதான் சுருட்டப்பட்டிருந்தது. உதட்டில் சாயம். அவள் மகள் கல்யாணத்துக்குக்கூட அவள் இப்படி வந்து அவர் பார்த்ததில்லை. வாசலில் நின்று, கூட்டத்தைப் பார்த்து, அடுப்பைப் பார்த்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதெல்லாம் எதுக்குடா," என்றாள். "ஏப்ரல்ல என் பிறந்தநாளுக்கு முன்னால போன்ல கேட்டப்ப, 'இந்தக் காலத்துல அறுபதையெல்லாம் யாருக்கா கொண்டாடுறா'ன்னு நீதானே சொன்ன? அன்னிக்கு எனக்குக் கோவம். இப்பத்தான தெரியுது, நீ எதுக்கு அப்படிச் சொன்னன்னு."

சாங்கில் அக்காவின் ஹான்போக்கை மறுபடி பார்த்தார். பாம்பு வருஷம். வீட்டில் சின்ன வயதில் தினமும் காதில் விழுந்த வார்த்தை, 'பாம்பு வருஷத்துக்காரி, அதான் இப்படி ஊர்றா' என்று அம்மா திட்டும் வார்த்தை, சாங்சுக்குடையது. அவள் போட்டுக் கழித்த சட்டையைப் போட்டு வளர்ந்த மாதிரி, அவர் அன்றைக்கு அவளுடைய வருஷத்தையும் எடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறார். சாங்ரான் போனில் கேட்டது 'அறுபது' என்ற சொல்லை மட்டும். வீட்டில் இந்த வருஷம் அறுபது யாருக்கு என்று அவளுக்குச் சந்தேகமே வந்திருக்காது.

"பேனர் எல்லாம் கட்டியிருக்கான் பாருடி," என்றாள் சாங்ரான், பெட்டியை இறக்கும் வேலையில் தலையைத் தூக்காமல்.

சாங்சுக் சுவரை நோக்கிக் கண்ணைச் சுருக்கினாள். "என் கண்ணாடிய முடி சுருட்டுற கடையிலயே வச்சுட்டு வந்துட்டேன். கண்ணாடிக் கடைக்காரன் அக்கா கதையப் பாரு. சாங்கில், நீயே படிச்சுச் சொல்லு. என்ன போட்டிருக்க?"

எல்லாரும் சாங்கிலைப் பார்த்தார்கள். தெருக்காரர்களுக்கு எதுவும் புரியவில்லை. வாசலில் சூப் பானையோடு நின்ற சித்திக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவள் பானையைக் கீழே வைக்க மறந்து நின்றாள்.

சாங்கில் பேனரைப் பார்த்தார். பக்கத்தில் ஜேமுன், தன் எழுத்தை ஒருவர் வாய்விட்டுப் படிக்கப்போகும் பெருமையில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அன்பு அக்கா," என்று சாங்கில் படித்தார். "அன்பு அக்கா பியோ சாங்சுக் அவர்களுக்கு அறுபது. பாம்பு வருஷம் சுற்றி வந்தது."

"என்னண்ணே?" ஜேமுன் சிரித்தார். "தப்பாப் படிக்கிறீங்க."

"தப்பாப் படிக்கல." சாங்கில் அவர் பக்கம் திரும்பினார். நாலு விதமாகச் சொல்லிப் பார்த்த வாக்கியங்களில் ஒன்றும் உதவிக்கு வரவில்லை. "பாம்பு வருஷம் எங்க அக்கா, ஜேமுன். நான் குதிரை. உன்னை மாதிரிதான்."

ஜேமுன் கட்டிய கையைப் பிரிக்கவில்லை. சிரிப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"எந்த மாசம்?" என்று கேட்டார் முடிவெட்டுபவர். அவரை யாரும் கேட்கச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த அறையில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒருவராலும் சூப் குடித்திருக்க முடியாது.

"நவம்பர்," என்றார் சாங்கில்.

"நம்ம பேனர் ஜூன்," என்றாள் காய்கறிக்காரி, விரலை மடக்கிக்கொண்டே. "ஜூலை, ஆகஸ்ட்... ஐயையோ."

சாங்ரான் இப்போது பேனரைப் படித்துவிட்டிருந்தாள். எழுந்து வந்து, சத்தமே இல்லாமல், தம்பியின் முழங்கைச் சதையைக் கிள்ளித் திருகினாள். சாங்சுக் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். உதட்டுச் சாயத்தை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப இது எனக்கு இல்லையா?"

சாங்கில் வாயைத் திறப்பதற்குள் ஜேமுன் பேசினார்.

"உங்களுக்குத்தான் அக்கா. ரெண்டு எழுத்து தப்பா விழுந்துருச்சு." குனிந்து கருவிப் பையை எடுத்தார். "கடை வச்சு இருபத்தாறு வருஷத்துல முதல் தப்பு. என்னோடதுதான். அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடறேன்."

முக்காலி போட்டு ஏறினார். அண்ணனுக்கும் அக்காவுக்கும் கொரிய எழுத்தில் ஓரெழுத்துதான் வித்தியாசம். பெயரிலும் அப்படித்தான், வீட்டில் ஐந்து பேருக்கும் சாங் பொது. சிவப்பு டேப்பை வெட்டி இரண்டு இடத்தில் ஒட்டி, தங்க நிறப் பேனாவால் மேலே எழுதினார். பிறந்த வருஷத்தைத் தொட வேண்டியிருக்கவில்லை. இறங்கி வந்து, தள்ளி நின்று பார்த்தார். சாங்கில் நின்ற பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு விருந்து நடந்தது. சாங்சுக் நடுத் திண்டில் உட்கார்ந்தாள். தெருக்காரர்கள் முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு அரை மணி நேரம் வாழ்த்துச் சொன்னார்கள். அவள் இரண்டு தடவை அழுது ஒரு தடவை பாடினாள். மருந்துக்கடைக்காரர், "சரியான நவம்பர்க்காரன்யா நீ" என்று சாங்கில் முதுகில் தட்டிவிட்டுப் போனார். அன்று மாலைக்குள் அது தெருவில் அவர் பெயராகிவிடும் என்று அவருக்குத் தெரிந்தது.

சித்தி கறித் தட்டோடு வந்தாள். நடு மேசையில் சாங்சுக், சாங்ரான், ஜேமுன், சாங்கில். அவள் ஒருவரையும் கேட்கவில்லை. இடுக்கியையும் கத்திரிக்கோலையும் சாங்கில் முன்னால் வைத்தாள்.

"கடைக்குட்டி," என்றாள். "எல்லாரும் பசியோட இருக்காங்க."

சாங்கில் கோட்டைக் கழற்றிவிட்டு இடுக்கியைப் பிடித்தார். கறியைப் பரப்பினார். அது சீறியது, எண்ணெய் தெறித்தது, ஓரத்தில் புகை வந்தது. எப்போது புரட்டுவது என்று தெரியவில்லை. சீக்கிரம் புரட்டினால் வேகாது என்ற பயத்தில் காத்திருந்தார்.

"டேய், கருகுது," என்றாள் சாங்ரான்.

"இரு அக்கா."

"என்னத்த இரு? நெத்திலி மாதிரி ஆகிருச்சு."

எதிரில் ஜேமுன் இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கறி கருகுவதைப் பார்க்கப் பார்க்க விரல் ஒவ்வொன்றாக மடங்கியது. சாங்சுக் அவர் தட்டில் கிம்ச்சியும் கேக்கும் மாறி மாறி வைத்து, "சாப்பிடு தம்பி, நீ எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி," என்றாள். அவர் அதற்கு மட்டும் தலையாட்டினார். கடைசியில் தாங்க முடியவில்லை.

"புரட்டு," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். சாங்கிலிடம் அவர் அப்படிப் பேசியதே இல்லை. சாங்கில் புரட்டினார். அடிப்பக்கம் தார் போல இருந்தது. கத்திரிக்கோலால் வெட்டியபோது சத்தம் வந்தது. முதல் துண்டை சாங்சுக்குக்கு வைத்தார், அடுத்ததைச் சாங்ரானுக்கு, மூன்றாவதை இரண்டு கையாலும் ஜேமுன் தட்டில். ஜேமுன் அதை எடுத்து மென்றார். ரொம்ப நேரம் மென்றார். நல்லா வெந்திருக்கு என்று சொல்லவில்லை.

மூன்று மணிக்கு அக்காக்கள் டாக்ஸியில் ஏறினார்கள். பேனரைச் சுருட்டித் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள் சாங்சுக். வண்டி திரும்பியதும் கடை வாசலில் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். சாங்கில் சட்டையெல்லாம் எண்ணெய்ப் பொட்டு.

"அஞ்சு மாசம்," என்றார் ஜேமுன், தெருவைப் பார்த்துக்கொண்டு.

"ம்."

"குடிக்கிறப்பெல்லாம் மரியாதைக்கு மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுக் குடிச்சேன். இருபத்தோரு வருஷம். டாக்டர்கிட்ட போனா கழுத்துல எலும்பு தேஞ்சிருக்குங்கறான்."

சாங்கிலுக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை. சிரிக்கவில்லை. "இனிமே நான் உன்னை அண்ணேன்னு கூப்பிடறேன். முறைப்படி அதானே சரி?"

"வேணாம்," என்றார் ஜேமுன். உடனே சொன்னார். "மூணு பேர் கூப்பிடறது எனக்குப் போதும். எனக்கு ஒருத்தர் இருந்தாரு, கூப்பிட. அதத்தான் இன்னிக்கு எடுத்துட்ட."

சாங்கில் சட்டையிலிருந்த எண்ணெய்ப் பொட்டு ஒன்றை நகத்தால் சுரண்டினார். அது போகாது என்று தெரிந்தும் சுரண்டினார்.

ஜேமுன் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கினார்.

"வியாழக்கிழமை வா," என்றார், திரும்பாமல்.

நாலு அடி நடந்தார். மருந்துக்கடை ஓரத்தில் நின்றார். அப்போதும் திரும்பவில்லை. கழுத்தை ஒரு தடவை தேய்த்துக்கொண்டார்.

"...ங்க," என்றார்.